ஏழு அரைநிலாக்கள்

அத்தியாயம் 11

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேனகாவைக் கைம்பெண்ணாக்குவதென்று முடிவாகியிருந்தது. சேலத்தில் மண்டபம் பேசியாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. வளையலை உடைக்க ஒருத்தி, பொட்டை அழிக்க ஒருத்தி, தாலியை வாங்கிப் பாலில் போட ஒருத்தி என்று வேலையும் பங்கிட்டாயிற்று. எல்லா ஏற்பாடும் குறைவின்றி முடிந்திருந்த அந்தக் காரியத்தில், இறந்தவர் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஐம்பத்தொன்பது நாள்களுக்கு முன், சனவரி பதினெட்டாம் தேதி, அவளுடைய கணவரான ஓவியர் சுப்பிரமணி ஏற்காட்டில் காணாமற்போனார். ஒரு பாறை விளிம்பில் அவருடைய செருப்பு இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. கீழே ஆழம் தெரியாத பள்ளம். போலீசார் மூன்று நாள் கயிறு கட்டி இறங்கினார்கள். நான்காம் நாள் பனி இறங்கியது. ஐந்தாம் நாள் கோப்பு அலமாரிக்குள் இறங்கியது. பிறகு சுப்பிரமணியின் அண்ணன் ஒறம்பரையை, உறவுக்காரர்கள் அத்தனை பேரையும், கூட்டி நாள் குறித்தார். உயிரோடிருக்கும் பெண்ணின் கழுத்தைத் தீர்மானிக்க, செத்துப்போன ஆணின் உடல்கூடத் தேவைப்படாத நாடு இது. இரண்டு செருப்பு போதும்.

அந்தச் செருப்பை நம்பாத மூவர் இப்போது ஏற்காட்டு ஏரிக்கு மேலேயுள்ள ஒரு கலைக்கூடத்தில் நின்றிருந்தார்கள்.

முதலாமவர் சென்னம்மாள். காவல்துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து, ஏட்டாக ஓய்வு பெற்று, சேலத்தில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவர். இரண்டாமவன் பெரியண்ணன். நாடகக் குழுவில் இருபது ஆண்டு கோமாளி வேடம் கட்டிவிட்டு, குழு கலைந்த பிறகு சென்னம்மாளிடம் வண்டி ஓட்டவும் வாயாடவும் சேர்ந்தவன். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த அம்மையார் தன்னைப் 'பெரியண்ணா' என்று கூப்பிடுவதை அவன் மரியாதையாகவே எடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாமவள் மேனகா. ரேசன் கடையில் எடை போடுகிறவள். நேற்று மாலை பேக்கரி மாடிக்கு ஏறி வந்து அவள் பேசியது அதிகமில்லை.

"எனக்கு ஆறுதல் வேண்டாமுங்க. அவரு இருக்காருங்களா, இல்லீங்களா? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அத மட்டும் சொல்லுங்க."

பெரியண்ணன் அப்போது ஒரு நகைச்சுவை சொல்ல வாயைத் திறந்தான். அவள் கழுத்துக் கயிற்றைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் தொழில் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கலைக்கூடத்தின் பெயர் 'மேகமூட்டம்'. உரிமையாளர் பிரபாகர், மலைக்கு வெள்ளியன்று ஏறித் திங்களன்று இறங்குகிற சேலத்துச் சமவெளிக்காரர். கண்காட்சி நடப்பதால் இந்த வாரம் இறங்கவில்லை. சுப்பிரமணி உயிரோடு வரைந்துகொண்டிருந்த பன்னிரண்டு ஆண்டும் அவருடைய படங்களைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டிவைத்திருந்தவர், இப்போது கூடம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள்கள் வந்து, படங்களுக்கு முன்னால் கைகட்டி நின்று, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுதான் அவரோட கடைசிப் படம்," என்றார் பிரபாகர். "பொங்கலன்னைக்கு, இதே கட்டடத்து மாடியில வரைஞ்சாரு. நாலே நாள்ல போயிட்டாரு."

பெரியண்ணன் படத்தைப் பார்த்தான். வானம் முட்டையின் கருவைப் போல் மஞ்சளாக இருந்தது. மரங்கள் எரியப்போகும் தீக்குச்சிகளாகச் சிவந்து நின்றன. நடுவில் ஒரு மேடு, படுத்திருக்கும் எருமையின் முதுகைப் போலக் கறுப்பும் பச்சையுமாக. மேட்டின் உச்சி விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஏழு வெள்ளை அரைவட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொங்கின. இடது ஓரத்தில் உயரவாக்கில் ஒரு மீன்முள். இவை அனைத்துக்கும் முன்னால், மேலிருந்து கீழாக, நான்கு நீலக் கோடுகள். படத்தின் பின்பக்கத்தில் 'சனவரி 14' என்று எழுதியிருந்தது.

"நமக்கு ஒண்ணும் வெளங்கலைங்களே," என்றார் சென்னம்மாள், வெள்ளந்தியாக. அவருக்கு விளங்காதபோது அவர் அப்படிச் சொல்வதில்லை என்பது பெரியண்ணனுக்குத் தெரியும்.

பிரபாகர் மகிழ்ந்துபோனார். "எக்ஸ்பிரஷனிசம்னா கண்ணு பாத்தத வரையறது இல்லைங்கம்மா. நெஞ்சு பாத்தத வரையறது. இது மலை இல்லை, ஒரு மனசு. வெள்ளை, நம்பிக்கை. கறுப்பு, ஐயம். நம்பிக்கை நிலா மாதிரி முளைக்கப் பாக்குது, பாதியில நின்னுடுது. வாழலாமா வேண்டாமாங்கற தத்தளிப்பு. இந்த முள்ளு, முதுகெலும்பு. நாலு கம்பியும் இந்த உடம்புங்கற சிறை."

"ஏழு நிலா ஏனுங்க?" என்றான் பெரியண்ணன்.

"ஏழு பிறவி."

"எட்டு இருந்திருந்தா?"

"எட்டுத் திசை."

"ஒம்போது?"

"நவக்கிரகம்."

"பெரியண்ணா, பத்துக்குப் போகாதே," என்றார் சென்னம்மாள். "அதுக்கும் வெச்சிருப்பாரு."

மேனகா மட்டும் படத்துக்கு அருகே போனாள். வெள்ளை அரைவட்டங்களின் விளிம்பு ஒவ்வொன்றிலும் சாயம் பெருவிரலால் இழுத்துவிடப்பட்டிருந்தது. தன் பெருவிரலை அதற்கு நேரே, தொடாமல், காற்றில் வைத்துப் பார்த்தாள்.

"படம் அவரோடதுதானுங்க. சுவத்துல விளம்பரம் எழுதுன காலத்துலயே இப்படித்தான் இழுப்பாரு. வேற ஆருக்கும் வராது."

"ஒண்ணு சொல்லு கண்ணு," என்றார் சென்னம்மாள். "உன்ற ஊட்டுக்காரரு பாத்து வரையறவரா, நெனச்சு வரையறவரா?"

"பாக்காம ஒரு கோடு இழுக்க மாட்டாருங்க. என்னைய ஒருக்கா பச்சை மூஞ்சியா வரைஞ்சாரு. ஒறம்பரைங்க அத்தன பேரும் எனக்கு என்ன நோவுன்னு கேட்டாங்க. ஆனா என்ற கன்னத்துல மூணு மச்சமுங்க. மூணும் அது அது எடத்துல இருந்துச்சு."

சென்னம்மாள் தலையசைத்தார். பிறகு கைப்பேசியில் படத்தைப் படமெடுத்துக்கொண்டு, பிரபாகருக்கு இருமுறை நன்றி சொன்னார். வாசலில் ஓர் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைச் சாயக் குழல்கள் புதிதாக ஒரு டஜன். இறந்தவரின் படங்களை மட்டும் வைத்திருக்கும் கூடத்துக்கு இவ்வளவு வெள்ளை எதற்கு என்று பெரியண்ணன் கேட்க நினைத்தான். சென்னம்மாளின் முழங்கை அவன் விலாவில் பட்டது. எனவே நினைக்கவில்லை.

வண்டியில் ஏறியதும் அவன் சொன்னான்: "ஏட்டம்மா, படத்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சாயம் எப்பக் காஞ்சுதுன்னு கேக்கலாமுங்களா?"

"கேக்கலாம். அவங்க பதில் சொல்றதுக்குள்ள மொதல் வருசத் திவசம் வந்துரும்." சென்னம்மாள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். "இங்க பாரு. இந்த மனுசன் நெறத்த மாத்துவாரு, கணக்க மாத்த மாட்டாரு. மூஞ்சி பச்சையா இருந்தாலும் மச்சம் மூணு. அப்போ வானம் மஞ்சளா இல்லாம இருக்கலாம். மரம் செவப்பா இல்லாம இருக்கலாம். ஆனா எங்கியோ ஒரு மேட்டுல ஏழு அரைவட்டம் இருந்துருக்கோணும். ஏழுதான். எட்டு இல்ல, ஆறு இல்ல."

"அரைவட்டம் எங்கீங்க மேட்டுல தொங்கும்?"

"அதுக்குத்தான் போறோம். கலை தெரிஞ்சவரக் கேட்டாச்சு. மலை தெரிஞ்சவரக் கேப்போம். செம்மநத்தத்துக்கு விடு."

*

செம்மநத்தம் போகும் பாதை ஒரு வண்டிக்கு ஏற்றதாகப் போடப்பட்டு, இரண்டு வண்டிகளால் பயன்படுத்தப்படுவது. எதிரே வந்த பாலேற்றும் வேனுக்காகப் பெரியண்ணன் மூன்று முறை பின்னால் வந்தான். பின்னிருக்கையில் மேனகா வெளியே பார்த்தபடி இருந்தாள்.

எஸ்டேட் அலுவலகத்தில் ரைட்டர் மாதையன் இருந்தார். இந்த மலையிலேயே பிறந்து, பாட்டன் காலத்துச் சாமைக் காட்டை இன்னும் உழுதுகொண்டு, முப்பது ஆண்டாக ஒரே காப்பித் தோட்டத்துக்குக் கூலியும் மழையும் எழுதிவருபவர். பழைய மிளகுத் திருட்டு வழக்கொன்றில் சென்னம்மாளுக்குச் சாட்சி சொன்னவர். திருடன் யாரென்று தெரியாது, ஆனால் எந்தக் கொடியிலிருந்து பறித்த மிளகு என்று தெரியும் என்று சொல்லி நீதிபதியையே திகைக்க வைத்தவர்.

சென்னம்மாள் எதுவும் விளக்காமல் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். மாதையன் கண்ணாடியை மாட்டினார்.

"பூ," என்றார்.

மூவரும் காத்திருந்தார்கள். அவர் அதற்குமேல் சொல்ல ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை.

"என்ன பூவுங்க?" என்றான் பெரியண்ணன்.

"காப்பிப் பூவுங்க. வேற என்ன பூ இத்தன வெள்ளையா மொத்தமாப் பூக்கும்? அது சரி, வானம் ஏனுங்க இப்படி இருக்குது? காமாலையா?"

"அது உணர்ச்சிங்க."

"இருக்கட்டும்." மாதையன் இடது ஓரத்தைத் தொட்டார். "இது மொளகு பறிக்கிற ஏணி. ஒத்தை மூங்கில்ல கணுவ விட்டுப் படியா வெட்டியிருப்போம். மரத்துல சாச்சு ஏறறது."

"கலைக்கூடத்துக்காரர் அத முதுகெலும்புன்னாருங்க."

"அவர ஏறச் சொல்லுங்க."

சென்னம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பூவு சரிங்க மாதையன். ஏழு அரைவட்டமாப் பூக்குமுங்களா?"

"மழை பேஞ்சா அப்படிப் பூக்காதுங்க." மாதையன் மேசைமேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "மழைக்கு வேலி தெரியாது. பேஞ்ச எடமெல்லாம் ஒட்டுக்கா நனையும். எட்டாம் நாளோ ஒம்போதாம் நாளோ மலை மொத்தமும் வெளுக்கும். மூணு நாள் இருக்கும், அப்புறம் கருகிரும். மழை வரலீன்னா சிலபேரு ஸ்பிரிங்ளர் உடுவாங்க. அது சுத்திச் சுத்தி அடிக்கும். தண்ணி விழுந்த வட்டத்துக்குள்ள இருக்கற செடி மட்டும் பூக்கும். ஒரு முழம் தள்ளி இருக்கற செடி மழைக்காகப் பாத்துக்கிட்டு நிக்கும். இந்தப் படத்துல மேட்டு உச்சியில பைப்பு ஓடுது. அக்கட்டால பாதி வட்டம், இக்கட்டால பாதி வட்டம். நமக்குத் தெரியறது இந்தப் பக்கத்துப் பாதி."

பெரியண்ணன் ஏழு பிறவிகளையும் மனத்துக்குள் திருப்பி அனுப்பினான்.

"ஏழு வட்டத்தோட ஏனுங்க நின்னுது?" என்றார் சென்னம்மாள்.

மாதையனின் முகத்தில் முதன்முறையாக மகிழ்ச்சி தெரிந்தது. அயல் தோட்டத்தின் தோல்வியைச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பை எந்த எஸ்டேட் ரைட்டரும் தவறவிடுவதில்லை. அலமாரியிலிருந்து மழை நோட்டை எடுத்தார். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து, இத்தனை இன்ச், இன்ச்சில் நூறில் ஒரு பங்கான சென்ட் இத்தனை என்று எழுதும் நோட்டு அது. மழை இல்லாத நாளில் அடுத்தவர் செய்தியை எழுதியிருந்தார்.

"பாருங்க. டிசம்பர் இருவதுக்கு அப்புறம் சொட்டு மழை கெடயாது. சனவரி பூராச் சைபர். பிப்ரவரி இருவத்தாறு: 'தலைச்சோலைத் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் விட்டார்கள். ஒரு வரிசை ஓடியது. எஞ்சின் நின்றது.' குட்டையில சேறுதான் இருந்துச்சுங்க. சேத்த இழுத்து எஞ்சின் செத்துப்போச்சு. ஒரு வரிசைன்னா தண்ணி பீச்சற தல ஏழு. மார்ச்சு ஏழு: 'அவர்கள் மேட்டில் மட்டும் பூ.' இதுக்கு முன்ன எந்த வருசமும் இப்படி ஏழு வட்டத்தோட நின்னதில்ல, நாங்கெல்லாம் போய்ப் பாத்துட்டு வந்தோம். நொம்ப அழகா இருந்துச்சு." அழகு என்ற சொல்லை அவர் அனுதாபமின்றிச் சொன்னார். "பத்தாம் தேதி கருகிருச்சு. பன்னெண்டாம் தேதி மழை, ஒரு இன்ச் பத்து சென்ட். இன்னைக்குப் பதினெட்டு. இன்னும் மூணு நாள்ல மலை பூராப் பூக்கும். அதுல வட்டம் தெரியாதுங்க."

மேனகா எழுந்துவந்து நோட்டை வாங்கினாள். எடைக்கல்லைச் சரிபார்ப்பவளைப் போல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்தாள். சனவரியில் மீதி பதின்மூன்று. பிப்ரவரி இருபத்தெட்டு. மார்ச்சில் ஏழு.

"நாப்பத்தெட்டு நாளுங்க," என்றாள். "அவரு செத்து நாப்பத்தெட்டு நாள் கழிச்சு இதப் பாத்து வரைஞ்சிருக்காரு."

"செத்தவங்க படம் வரையறதில்லைங்க," என்றான் பெரியண்ணன். "அதுக்கெல்லாம் நேரமே இருக்காதுங்க அவங்களுக்கு."

அவள் சிரித்தாள். ஐம்பத்தொன்பது நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் அது எங்கே நிற்க வேண்டுமென்று அதற்கே தெரியவில்லை. பாதியில் அழுகையாகிப் பிறகு மறுபடியும் சிரிப்பாயிற்று. மாதையன் பார்வையை மழை நோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

சென்னம்மாள் சிரிக்கவில்லை. "மாதையன், அந்த மேட்ட இந்தப் பக்கத்துல இருந்து பாக்கற மாதிரி ஊடு எத்தனைங்க?"

"ஒண்ணுதானுங்க. பழைய மேனேஜர் ஊடு. காலியாக் கெடந்துச்சு, சேலத்துக்காரர் ஒருத்தரு வாடகைக்கு எடுத்திருக்காராமுங்க. வார வாரம் காருல வருவாரு."

மேனகா அப்போதுதான் கைப்பேசியை மீண்டும் பார்த்தாள். மேட்டையோ பூவையோ அவள் பார்க்கவில்லை. முன்னால் நின்ற நான்கு நீலக் கோடுகளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது ஜன்னல் கம்பிதானுங்களே. அவர அடைச்சு வெச்சிருக்காங்க."

"இருக்காரா இல்லையான்னு கேட்டே, கண்ணு," என்றார் சென்னம்மாள். "இருக்காரு. மீதிய நேருல பாத்துக்கலாம்."

*

தலைச்சோலையில் ஒரு கடைமுன் வண்டியை நிறுத்தச் சொன்னாள் மேனகா. நான்கு பன்னும் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் வாங்கிக்கொண்டாள். "பட்டினி போட்டிருப்பாங்க. இவரு பசின்னு வாயத் தொறந்து கேக்கற ஆள் இல்லீங்க." பொட்டலத்தை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. நாளைக்கு மண்டபத்துக்கு அவரையே கூட்டிக்கொண்டு போவதென்றாள். வளையலை உடைக்க வருகிறவளுக்கு அவரையே பந்தி பரிமாறச் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

பெரியண்ணன் கண்ணாடியில் சென்னம்மாளைப் பார்த்தான். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு இப்படி இறுகி உட்கார்ந்திருந்ததை அவன் முன்பு ஒருமுறைதான் பார்த்திருந்தான். அந்த வழக்கும் நல்லவிதமாக முடியவில்லை.

மேனேஜர் வீடு தோட்டத்தின் தாழ்வில் தனியாக நின்றது. எதிரே எருமை முதுகு மேடு, ஆனால் பச்சை. உச்சியில் பைப்பு வரிசை. அதில் தலைகள் ஏழு. வீட்டோரத்துச் சவுக்கு மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. முன்னறை ஜன்னலில் கம்பி நான்கு. பெரியண்ணன் ஒவ்வொன்றாக எண்ணி முடித்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஓவியத்தைப் பிழையறப் புரிந்துகொண்ட பெருமை அவனுக்கு வந்தது.

"ஏட்டம்மா, கதவ உடைக்கட்டுங்களா?"

"எதுக்கு? வெளிய பூட்டு இருக்குதா பாரு."

பூட்டு இல்லை. வெளித் தாழ்ப்பாளும் இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தான். உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தது.

அடைத்து வைக்கப்பட்டவர்களிடம் தாழ்ப்பாளைக் கொடுத்து வைப்பதில்லை. பெரியண்ணன் மேனகாவைத் திரும்பிப் பார்க்காமலிருக்க முயன்றான். அவள் பொட்டலத்தைப் பிடித்திருந்த கை தளரவில்லை. ஆனால் கதவையும் தாழ்ப்பாள் இல்லாத அந்தச் சட்டத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

சென்னம்மாள் கண்ணைக் காட்டினார். பெரியண்ணன் குரலைச் சற்று மாற்றிக்கொண்டான். இருபது ஆண்டு மேடை அனுபவம் வீண்போகவில்லை.

"ஐயா, பிரபாகர் சார் அனுப்புனாருங்க. வெள்ளைப் பெயிண்டு, ஒரு டஜன்."

தாழ்ப்பாள் உடனே விலகியது.

கதவைத் திறந்த மனிதர் நல்ல நிறமாக இருந்தார். தாடி எடுத்திருந்தார். கன்னம் பூசியிருந்தது. சாவு அவருக்கு ஒத்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் தூரிகை. மறுகைப் பெருவிரலில் மஞ்சள். அவர் முதலில் பார்த்தது அட்டைப்பெட்டி இல்லாத பெரியண்ணனின் கைகளை. இரண்டாவதாகத்தான் அவனுக்குப் பின்னால் நின்றவளை.

"மேனகா," என்றார் சுப்பிரமணி.

பிறகு அவரே பேசினார். பேச வேண்டியிருக்கும் என்று ஐம்பத்தொன்பது நாளாக எதிர்பார்த்தவரைப் போலப் பேசினார்.

"கோவிச்சுக்காத. பன்னெண்டு வருசம் வரைஞ்சேன். ஒருத்தரும் நின்னு பாக்கல. கக்கூசுக்குப் போறவங்க பாத்தாங்க, அதுவும் அவசரமா. பிரபாகர் சொன்னாரு, நீங்க இருக்கற வரைக்கும் யாரும் பாக்க மாட்டாங்கன்னு. ரெண்டு செருப்புதான் வெச்சேன். இப்பப் பாரு, பெங்களூருல இருந்து வர்றாங்க. ஒரு வருசம். அப்புறம் நானே வந்து சொல்லியிருப்பேன்."

"நாளைக்குக் காரியமுங்க," என்றாள் மேனகா. "தெரியுங்களா?"

"அது..." சுப்பிரமணி பெருவிரலைத் துணியில் துடைத்தார். "அண்ணன்கிட்ட எடுத்துச் சொன்னது பிரபாகர்தான். காரியம் நடந்தாத்தான் ஊரு நம்பும்னாரு. ஒரு நாள் சடங்குதானே மேனகா. நான் வந்ததும் மறுபடியும் கட்டிக்கிட்டாப் போச்சு."

ஒருத்தியின் வளையலும் பூவும் பொட்டும் நாற்பது பேர் நடுவில் பறிக்கப்படுவதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஒரு நாள்'. இந்தச் சடங்கு எதற்கு என்று ஆயிரம் மேடைகளில் ஆயிரம் பேர் கேட்டும் பதில் வராத கேள்விக்கு, கையில் தூரிகையோடு ஒருவர் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்வார் என்று பெரியண்ணன் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு அப்போது சொல்லத் தோன்றிய எதுவும் நகைச்சுவையாக இல்லை.

மேனகா வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. மார்ச் பத்தொன்பதைச் சுற்றி அவர் சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டிருந்தார். அது அரைவட்டமில்லை. பெருவிரலால் இழுக்காமல், கை நடுங்காமல், முழுதாகப் போட்ட வட்டம்.

இரண்டு மாதமாக இருக்கிறாரா இல்லையா என்று அவள் ஊசலாடிய ஒவ்வோர் இரவுக்கும் விடை அந்தச் சுவரில் தொங்கியது. பிறகு இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய்க் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். உடைக்க ஒருத்தியும் அழிக்க ஒருத்தியும் வேண்டியிருக்கவில்லை. நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியிலேயே தாலியைத் தொங்கவிட்டாள். அது அசைந்து அசைந்து பத்தொன்பதாம் தேதிமேல் வந்து நின்றது.

"என்ன பண்ற நீ?" என்றார் சுப்பிரமணி. "நான்தான் உயிரோட இருக்கேனே."

"அதுக்குத்தானுங்க கழட்டறேன்," என்றாள் மேனகா. "நீங்க செத்திருந்தீங்கன்னா கழட்ட உட்டிருக்க மாட்டேன். நாளைக்கு மண்டபத்துல வெட்டச் சொல்லிக் கத்திரிக்கோலோட வந்தாலும் உட்டிருக்க மாட்டேன்."

சென்னம்மாள் கைப்பேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தார். சுப்பிரமணி, நாள்காட்டி, சிவப்பு வட்டம், தாலி, நான்கும் தெரிந்தன. அதை ஏற்காடு காவல்நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, "அங்கிருந்து வண்டி வர்ற வரைக்கும் சோலியப் பாருங்க," என்று சுப்பிரமணியிடம் சொன்னார். "தாழ்ப்பா போட வேண்டாம். பெரியண்ணன் வாசல்ல இருப்பான்."

மேனகா பொட்டலத்தைப் பெரியண்ணனிடம் நீட்டினாள். "நீங்க சாப்புடுங்கண்ணா. காலையில இருந்து ஒண்ணும் திங்கல." பிறகு சென்னம்மாளிடம் திரும்பினாள். "மண்டபத்த வேண்டாம்னு சொல்ல வேண்டாமுங்க. ஒறம்பரை எல்லாரும் வரட்டும். பந்தி நடக்கட்டும். இப்ப நீங்க புடிச்ச படத்தப் பெருசா எடுத்து வாசல்ல மாட்டிரலாம்."

அவள் படியிறங்கினாள். மேட்டுச் செடிகளில் மொட்டுகள் மூன்று நாள் மிச்சம் வைத்துக் காத்திருந்தன. பின்னால் சுப்பிரமணி வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று பெரியண்ணன் நினைத்தான். இரண்டாவது பன்னைக் கடித்தபடி, அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டான்.

"மேனகா, ஒண்ணே ஒண்ணு," என்றார் சுப்பிரமணி. "படத்தப் பாத்தியல்ல. அந்த வெள்ளை. அதப் பத்தி என்ன சொல்றாங்க?"

அவள் நின்றாள்.

"பிரபாகரு அத நம்பிக்கைன்னாருங்க," என்றாள். "ரைட்டரு, தண்ணி பத்தாம பாதியில நின்னுதுன்னாரு. ரைட்டரு சொன்னதுதானுங்க சரி."